வாக்கு எண்ணிய நாடும் பொருள் தேடிய 541 நாள்களும்

2010 ஜூன் 13 அன்று நடைபெற்ற பொதுத்தேர்தலின் வாக்குகளை விரைவாகவே எண்ணி முடித்த பெல்ஜியம், அவற்றுக்குப் பொருள் காண மட்டும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொண்டது. டச்சு மொழியினருக்கும் பிரெஞ்சு மொழியினருக்கும் தனித்தனிக் கட்சிகள் இருப்பதாலும், வாக்கு விழுக்காட்டிற்கேற்ப இடங்களைப் பகிரும் விகிதாசார முறை வழங்குவதாலும், 150 இடங்கள் கொண்ட கீழவையில் பன்னிரண்டு கட்சிகள் நுழைய, 27 இடங்களோடு புதிய பிளெமிஷ் கூட்டணி முதலிடம் பெற்றது. கூட்டணி வாய்ப்புகளை ஆராய்ந்து மன்னருக்கு அறிக்கை தரும் 'தகவலறிபவர்', அமைச்சரவையை உருவாக்கும் 'அமைப்பாளர்' என்னும் மரபான பொறுப்புகள் போதாமல், 'தெளிவுபடுத்துபவர்' என்றொரு பொறுப்பும் தோற்றுவிக்கப்பட்டது. அதனை ஏற்ற முதலிடக் கட்சித் தலைவர் பார்ட் டி வேவர் தெளிவுபடுத்திய பின்னரும் குழப்பம் தெளிவாக நீடித்தது. இதற்கிடையே காபந்து அரசு, அதாவது அன்றாட அலுவல்களை மட்டும் கவனிக்க வேண்டிய இடைக்கால அரசு, ஐரோப்பிய ஒன்றிய மன்றத்தின் சுழற்சித் தலைமையை வகித்ததோடு லிபியாவுக்குப் போர் விமானங்களையும் அனுப்பியது. அன்றாட அலுவல் என்னும் சொல்லுக்கு அகராதிகள் இத்துணை விரிந்த பொருளைத் தருவதில்லை. 541 நாள்கள் கழித்து, 2011 டிசம்பர் 6 அன்று எலியோ டி ரூப்போ தலைமையில் ஆறு கட்சிகளின் அரசு பதவியேற்றது. முதலிடம் பெற்ற கட்சி அந்த ஆறில் இல்லை.