எழுபது வருசம் காத்திருந்த கிண்ணம்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி உதைபந்தாட்டம் பற்றியவை. நெடுங்கேணி, ஒலுமடு, மருதோடை, கனகராயன்குளம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே விசயத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே மாம்பழ விலை, தேர்தல் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்தருள வேண்டும்.

2025 மார்ச் 16 இரவு நியூகாசிலும் லிவர்பூலும் மோதிய லீக் கிண்ண இறுதிப்போட்டியைப் பார்த்தோம். லிவர்பூல் அப்போது பிரிமியர் லீக்கில் முதலிடம். எப்படி அண்ணை தோற்றார்கள்? (வாசகர், நெடுங்கேணி)

லீக் என்பது 38 போட்டிகளின் கூட்டுக்கணக்கு, தம்பி. ஒரு நாள் சறுக்கினாலும் மறு கிழமை எழும்பலாம். இறுதிப்போட்டிக்கு மறு கிழமை கிடையாது. லிவர்பூல் அதற்கு ஐந்து நாள் முன்னர்தான் பாரிஸ் அணியோடு 120 நிமிடம் ஓடி, சமநிலை தவிர்ப்பு உதைகளில் தோற்று, சம்பியன்ஸ் லீக்கை விட்டு வெளியேறியிருந்தது. அந்தக் களைப்பு வெம்பிளி மைதானத்தில், மோதலில் தெறித்து விழுந்த ஒவ்வொரு பந்திலும் தெரிந்தது. நியூகாசில் வீரர்கள் முந்திப் போனார்கள், முட்டி எடுத்தார்கள், விழுந்தாலும் உடனே எழும்பினார்கள். 2–1 என்ற கணக்கு லிவர்பூலுக்கு மரியாதை கொடுத்த கணக்கு. லிவர்பூலின் கியேசா கோல் போட்டபோது 90 நிமிடம் கடந்து, வீணான நேரத்துக்காகச் சேர்த்த நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்டம் அதற்கு முன்னமே முடிந்துவிட்டது.

முதல் கோலைத் தலையால் போட்ட அந்த நெட்டை மனிதர் யார்? எங்கள் வீட்டில் அம்மம்மாகூட அவரைப் பற்றித்தான் கேட்கிறா. (வாசகி, ஒலுமடு)

அம்மம்மாவுக்கு நல்ல கண். அவர் டான் பேர்ண். உயரம் ஆறடி ஏழு அங்குலம். நியூகாசிலுக்குப் பக்கத்தில் உள்ள பிளைத் என்ற கரையோர ஊரில் பிறந்தவர், சின்ன வயதிலிருந்தே நியூகாசில் ரசிகர். அந்தக் கழகத்தின் சிறுவர் அணியில் இருந்தார். 11 வயதில் ‘நீ வேண்டாம்’ என்று விட்டுவிட்டார்கள். 13 வயதில் வேலியேறும்போது மோதிரம் கம்பியில் மாட்டி ஒரு விரலையும் இழந்தார். பிறகு அஸ்டா பேரங்காடியில் வேலை செய்துகொண்டு சின்னக் கழகங்களில் ஆடினார். டார்லிங்டன், புல்ஹாம், விகன், பிரைட்டன் என்று சுற்றி, 2022 ஜனவரியில், கிட்டத்தட்ட 30 வயதில், தன்னை அனுப்பிவிட்ட கழகத்துக்கே திரும்பி வந்தார். இறுதிப்போட்டிக்கு இரண்டு நாள் முன்னர்தான் இங்கிலாந்து அணிக்கு முதல் அழைப்பு கிடைத்தது.

அந்தக் கோலை இன்னொருமுறை போட்டுப் பாருங்கள். 45ஆவது நிமிடம், மூலை உதை. நியூகாசிலின் ட்ரிப்பியர் பந்தை வைக்கிறார். லிவர்பூலின் உயரமான வீரர்கள் கோலுக்கு முன்னால் வரிசையாக இடம் பிடித்து நிற்கிறார்கள், பந்து அங்கேதான் வரும் என்ற நம்பிக்கையில். பேர்ண் அந்தக் கூட்டத்துக்குள் போகவே இல்லை. தள்ளி, தண்ட உதைப் புள்ளிக்கும் அப்பால் நிற்கிறார். அவரைக் காவல் காத்தவர் மக் அலிஸ்டர், உயரத்தில் முக்காலடிக்கு மேல் குறைவு. பந்து அந்தத் தூரத்துக்கே வருகிறது. பேர்ண் ஓரடி பின்வைத்து எழும்பி முட்டுகிறார். காலால் உதைத்த வேகத்தில் பந்து தூர மூலைக்குள் போகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து தலையால் கோல் போடுவது அரிது. அதனால்தான் லிவர்பூல் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தது.

நியூகாசில் இதற்கு முன் இங்கிலாந்துக்குள் ஒரு பெரிய கிண்ணத்தைத் தூக்கியது 1955இல், எப்.ஏ. கிண்ணம். 1969இல் ஐரோப்பாவில் ஒன்று. பிறகு 1974, 1976, 1998, 1999, 2023 என்று இறுதிப்போட்டிக்குப் போய்ப் போய் வெறுங்கையோடு வந்தார்கள். 1955இல் பத்து வயதுப் பெடியனாக இருந்தவருக்கு 2025இல் எண்பது. அவர் தகப்பனோடு பார்த்ததைப் பேரப்பிள்ளையோடு பார்த்திருக்கிறார். மார்ச் 29இல் நடந்த ஊர்வலத்துக்கு மூன்று இலட்சத்துக்கு மேல் சனம் வந்ததாகச் சொன்னார்கள். வராமல் எப்படி இருப்பார்கள்?

என் மகன் நடுச்சாமம் வரை போனில் ஆட்டம் பார்த்துவிட்டு மறுநாள் பள்ளிக்கூடத்தில் தூங்கியிருக்கிறான். வெள்ளைக்காரன் பகலில் விளையாடக்கூடாதா? (தாய், புளியங்குளம்)

அவன் பகலில்தான் விளையாடினான், அக்கா. அங்கே பின்னேரம் நாலரை, இங்கே இரவு பத்து. மார்ச் கடைசி ஞாயிறுக்குப் பிறகு அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள், அதன்பின் நமக்கு ஒன்பது மணி. இந்த ஆட்டம் அதற்கு இரண்டு கிழமை முந்திவிட்டது. மகனுக்கு ஒருநாள் நித்திரை போனதைப் பெரிதாக எடுக்காதீர்கள். இப்படியொரு ஆட்டம் வருசத்தில் இரண்டு மூன்றுதான் வரும். மற்ற இரவுகளில் போனைப் பறித்து வையுங்கள், நான் உங்கள் பக்கம்.

எப்.ஏ. கிண்ணம் இருக்க லீக் கிண்ணம் எதற்கு? ஒரு நாட்டுக்கு இரண்டு கிண்ணமா? (வாசகர், கனகராயன்குளம்)

1950களில் ஆங்கில மைதானங்களில் மின்விளக்குகள் வந்தன. கிழமை நாள் இரவிலும் போட்டி வைக்கலாம், ரிக்கெற் விற்கலாம் என்ற நிலை. லீக்கின் செயலாளராக இருந்த அலன் ஹார்டேக்கர் முன்னின்று 1960–61 பருவத்தில் இதைத் தொடங்கி வைத்தார். எப்.ஏ. கிண்ணத்தில் நூற்றுக்கணக்கான கழகங்கள், பகுதிநேர அணிகள்கூட. இதில் மேல் நான்கு பிரிவுகளின் 92 கழகங்கள் மட்டும். முதல் இறுதிப்போட்டியை இரண்டு கட்டமாக வைத்தார்கள். ரொதர்ஹாம் 2–0 என்று முந்த, அஸ்டன் வில்லா தன் மைதானத்தில் 3–0 என்று திருப்பிக் கொடுத்தது. அதுவும் அந்தப் பருவத்துக்குள் முடிக்க இடமில்லாமல் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போன இறுதிப்போட்டி. நம் ஊரில் மழைக்குத் தள்ளிவைத்த இறுதியாட்டங்களை நினைத்து வெட்கப்படுபவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

பெரிய கழகங்கள் சில தொடக்கத்தில் இதில் சேரவே இல்லை. 1967இல் இறுதிப்போட்டியை வெம்பிளிக்குக் கொண்டுபோன பிறகுதான் மதிப்பு வந்தது. அந்த முதல் வெம்பிளி இறுதியிலேயே மூன்றாம் பிரிவு அணியான குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ், 2–0 என்று பின்தங்கி, 3–2 என்று வெஸ்ட் புரொம்மை வென்றது. 1969இல் சுவிண்டன், அதுவும் மூன்றாம் பிரிவு, சேறாகிக் கிடந்த மைதானத்தில் ஆர்சனலை 3–1 என்று அடித்தது. வென்றவர்கள் ஐரோப்பாவுக்குப் போகலாம் என்று விதி. ஆனால் மேல் பிரிவில் இல்லை என்று சொல்லி இந்த இரண்டு அணிகளையும் அனுப்பவில்லை. அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த அநியாயம் எனக்கு ஆறவில்லை.

இந்தக் கிண்ணத்தின் பெயர் ஏன் அடிக்கடி மாறுகிறது? (வாசகர், சேனைப்புலவு)

யார் பணம் கொடுக்கிறாரோ அவர் பெயர். 1982இல் பால் சபை கொடுத்தது, ‘மில்க் கப்’ ஆனது. பிறகு கொக்கா கோலா, வெர்திங்டன், கார்லிங் என்று வந்து, 2017 முதல் தாய்லாந்தின் கரபாவோ பானக் கொம்பனி. கிண்ணம் என்னவோ மூன்று கைப்பிடி வைத்த வெள்ளிக் கிண்ணம். வழக்கமாகக் கிண்ணங்களுக்கு இரண்டு காது, இதற்கு மூன்று.

இந்த விசயத்தில் நம் வழக்கத்தையே நான் உயர்வாகச் சொல்வேன். வன்னியில் ஒரு விளையாட்டுக்கழகம் சுற்றுப்போட்டி வைத்தால் அது பெரும்பாலும் ஒருவருடைய ஞாபகார்த்தக் கிண்ணம். முன்னாள் வீரர், படிப்பித்த ஆசிரியர், விபத்தில் போன பெடியன். மைதான ஓரத்தில் ஒரு மேசை, வெள்ளைத் துணி, மாலை போட்ட படம், பக்கத்தில் கிண்ணம். இரு அணியும் வரிசையில் நின்று தலை குனிந்த பிறகுதான் மத்தியஸ்தர் விசில் எடுப்பார். தாயின் கையாலோ தகப்பனின் கையாலோ கிண்ணம் கொடுக்கப்படும். அறிவிப்பாளர் அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் நூறு தரம் சொல்வார், கோல் போடும் ஒவ்வொரு முறையும் சொல்வார். இறந்துபோன ஒருவரின் பெயர் வருசத்துக்கு ஒருதரம் ஊர் முழுக்க இவ்வளவு சந்தோசமாகக் கேட்பது வேறெந்த நிகழ்விலும் இல்லை. அந்த இடத்தை எந்தக் கொம்பனிக்கும் விற்காதீர்கள். அனுசரணை வேண்டுமென்றால் சீருடைக்கு வாங்குங்கள், தண்ணீர்ப் போத்தலுக்கு வாங்குங்கள், கிண்ணத்தின் பெயரை விட்டுவிடுங்கள்.

வென்றால் எவ்வளவு காசு? (வாசகர், மாறாஇலுப்பை)

2025இல் ஒரு இலட்சம் பவுண்ஸ். அப்போது நம் காசில் நாலு கோடி ரூபாவுக்குக் கிட்ட. உங்களுக்கும் எனக்கும் பெரிது. அங்கே ஒரு நட்சத்திர வீரரின் ஒரு கிழமைச் சம்பளத்துக்குச் சரி.

சவூதிப் பணத்தில் வாங்கிய கிண்ணத்துக்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்? (வாசகர், ஒட்டுசுட்டான்)

நியாயமான கேள்வி. 2021 ஒக்டோபரில் சவூதி அரச நிதியம் அந்தக் கழகத்தை வாங்கியது. அந்த அரசின் மனித உரிமை நடத்தை பற்றிய கண்டனங்கள் கிண்ணம் கிடைத்ததால் கரைந்துபோகாது, போகவும் கூடாது. பேர்ண் உட்பட இறுதிப்போட்டியில் ஆடிய பலர் அந்தப் பணம் வந்த பிறகு வந்தவர்கள். அதற்காக, கடன்பட்டு ரிக்கெற் வாங்கி, தோற்றுத் தோற்று அழுத சனத்தின் சந்தோசத்தைக் கள்ளச் சந்தோசம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. முதலாளி நேற்று வந்தவர். சனம் அங்கேயேதான் இருந்தது.

இரண்டாவது கோலைப் போட்ட ஈசாக், ஆறு மாதத்தில் லிவர்பூலுக்கே போய்விட்டாரே. இது துரோகம் இல்லையா? (வாசகர், மருதோடை)

2025 செப்ரெம்பர் 1இல், 125 மில்லியன் பவுண்ஸுக்கு. அதுவரை பிரித்தானியக் கழகம் ஒன்று ஒரு வீரருக்குக் கொடுத்த ஆகக்கூடிய விலை. தங்களுக்குக் கோல் அடித்தவரையே வாங்கிவிடுவது என்பது ஒருவகையில் பெரிய பாராட்டு. அவர் சுவீடனில் எரித்திரியப் பெற்றோருக்குப் பிறந்தவர், உழைக்கத்தான் நியூகாசிலுக்கு வந்தார், உழைத்துக் கொடுத்தார். போன விதம் எனக்கும் பிடிக்கவில்லை. என்றாலும் அந்தக் கோலை யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

நம் ஊரில் இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. அரையிறுதி வரை ஊர்ப் பெடியள் ஆடுவார்கள். இறுதிப்போட்டிக்கு யாழ்ப்பாணத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோ இரண்டு பேர் வாகனத்தில் வந்து இறங்குவார்கள். மூன்று கிழமை வெயிலில் ஓடியவன் கதிரையில் இருந்து பார்ப்பான். கழகங்களே, அந்தப் பெடியனின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒருவர் ஒரு சுற்றுப்போட்டியில் ஒரு கழகத்துக்குத்தான், அதுவும் முதல் ஆட்டத்துக்கு முன்னமே பதிய வேண்டும் என்று விதி எழுதி, அதைக் கடைசி நாளிலும் காப்பாற்றுங்கள்.

இங்கிலாந்துக் கழகங்களில் தமிழர் யாரும் உண்டா? (மாணவன், நெடுங்கேணி)

விமல் யோகநாதன். வேல்ஸில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், பார்ன்ஸ்லி கழகத்தின் நடுக்கள வீரர், வேல்ஸ் இளையோர் அணிகளிலும் ஆடியவர். பெயரை எழுதி வைத்துக்கொள்.

எங்கள் கழகம் இரண்டு இறுதிப்போட்டிகளில் சமநிலை தவிர்ப்பு உதையில் தோற்றது. ஐந்து பேரை எப்படித் தெரிவு செய்வது? (கழகச் செயலாளர், வவுனியா வடக்கு)

ஐந்து பேரோடு கணக்கை முடித்தால்தான் ஆபத்து. 2022 லீக் கிண்ண இறுதியில் லிவர்பூலும் செல்சியும் 0–0. 21 பேர் உதைத்து 21 பேரும் கோல். 22ஆவதாக உதைக்க வந்தவர் செல்சியின் கோல்காப்பாளர் கெப்பா. மேலதிக நேரத்தின் கடைசியில், உதைகளைத் தடுக்கவென்றே களத்தில் இறக்கப்பட்டவர். பந்தை வானத்துக்கு அடித்தார். 11–10. 2025 ஓகஸ்ட் 27இல் நாலாம் பிரிவு கிரிம்ஸ்பி, மான்செஸ்டர் யுனைட்டட்டை இதே கிண்ணத்தில் 12–11 என்று வெளியேற்றியது. அங்கும் உதை ஒரு சுற்று முழுவதும் போய்த் திரும்பி வந்தது. ஆகவே உங்கள் 11 பேரும், கோல்காப்பாளர் உட்பட, பயிற்சியில் உதைக்க வேண்டும். அதுவும் ஓடிக் களைத்த பிறகு, பார்வையாளர் கத்தக் கத்த. ஒவ்வொருவரும் ஒரு மூலையைத் தெரிவு செய்து, கோல்காப்பாளர் எந்தப் பக்கம் அசைந்தாலும் அதை மாற்றாமல் அடித்துப் பழகட்டும். மனம் மாறிய கால்தான் பந்தை வெளியே அனுப்பும்.

பெண்களுக்கும் இப்படி ஒரு கிண்ணம் இருக்கிறதா? எங்கள் பாடசாலையில் நாங்களும் ஆடுகிறோம். (மாணவி, நெடுங்கேணி)

இருக்கிறது மகள். நீங்கள் எல்லோரும் நியூகாசில் ஆட்டத்துக்குக் காத்திருந்தீர்களே, அதற்கு முதல்நாள், மார்ச் 15இல், டேர்பியில் பெண்கள் லீக் கிண்ண இறுதிப்போட்டி. செல்சி 2–1 என்று மான்செஸ்டர் சிற்றியை வென்றது. கணக்குகூட அதே கணக்கு. இந்தக் கிண்ணம் தொடங்கியது 2011இல்தான். இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் 1921இல் தன் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று தடை போட்டு, அரை நூற்றாண்டு அப்படியே வைத்திருந்தது. ஆட்டத்தை நிறுத்த அவர்கள் பந்தைப் பறிக்கவில்லை, மைதானத்தைப் பூட்டினார்கள்.

அதனால் உன் கேள்வியின் மிச்சத்தை நான் சுற்றுப்போட்டி நடத்தும் கழகங்களிடம் கேட்கிறேன். அடுத்த ஞாபகார்த்தக் கிண்ணத்தின் இறுதிப்போட்டி நாளில், பெடியளின் ஆட்டத்துக்கு முன்னால், மூன்றரை மணிக்கு, இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு ஆட்டம் வையுங்கள். அதே மைதானம், அதே மத்தியஸ்தர், அதே ஒலிபெருக்கி. தயார் என்று எழுதும் கழகத்தின் பெயரை இந்தப் பக்கத்தின் மேலேயே போடுகிறேன்.