மார்க்கு போயிட்டுன்னு மூக்கைச் சிந்தாதலே

என்னலே, மூஞ்சியில ஈயாடல? சிபில் போயிட்டா? நான் ஊர்ல யாரோ சொந்தக்காரிதான் போய்ச் சேந்துட்டாளோன்னு பதறிட்டேன். அந்தக் கடன் மார்க்குக்கா இந்த ஒப்பாரி?

கேளுலே. 1892-ல டாக்கு தொறந்ததுல இருந்து இந்தக் கல்கத்தாக் கிடர்பூரு கடனையும் பாத்திருக்கு, கடன்காரனையும் பாத்திருக்கு. அந்தக் காலத்துல சம்பள நாளன்னைக்கு வட்டிக்குக் குடுத்த காபூலிக்காரன் வாசல்ல வந்து நிப்பான். தலையில முண்டாசு, கையில தடி. வாங்கினவன் பின்வாசல் வழியா நழுவுவான். நழுவினவன் யாருன்னு சாயங்காலத்துக்குள்ள சாயாக்கடைக்குத் தெரிஞ்சிரும். மறுநாள் அவனுக்கு ஒரு சாயா கடனுக்குக் கெடைக்காது. அன்னைக்கு சிபில் அதுதாம்லே. இன்னைக்குத் தடிக்குப் பதிலா நம்பரு வந்திருக்கு. 300-ல ஆரம்பிச்சு 900 வரைக்கும். 750-க்கு மேல இருந்தா மேனேஜரு நாற்காலி போடுவாரு. கீழ இருந்தா வாட்ச்மேன்கூட நிமிந்து பாக்க மாட்டான்.

சரி, நீ என்ன பண்ணின? பேன்சி மார்க்கெட்டுல அம்பது ரூவாய்க்கு அரைமணி நேரம் பேரம் பேசுத பய. போனை மட்டும் தவணையில எடுத்த. ‘இப்ப வாங்கு, பொறவு குடு’ன்னு ஆப்புக்காரன் சொன்னதை இனாம்னு நெனச்ச. அதுவும் கடன்தாம்லே, அதுவும் ஏட்டுல ஏறும். கார்டுல ‘மினிமம்’ கட்டினாப் போதும்னு தேனொழுகச் சொன்னான். மாசம் நூத்துக்கு மூணு, மூணரைன்னு வட்டி ஓடுதே, அதை எட்டிப் பாத்தியா? கடன் வாங்கியும் பட்டினி, கல்யாணம் பண்ணியும் சன்னியாசின்னு சும்மாவா சொன்னாவ? கட்டாம 90 நாள் தாண்டிச்சு, வாராக்கடன்னு எழுதிப்புட்டான்.

அதுக்குப் பொறவு செஞ்சீரே ஒரு காரியம், பெரிய மனுசரே! எழுபதாயிரம் பாக்கிக்கு முப்பதாயிரத்தைக் கட்டி ‘செட்டில்மென்ட்’ முடிச்சிட்டேன், நாப்பதாயிரம் லாபம்னு கூட்டாளிகளுக்குப் பிரியாணி வாங்கிக் குடுத்தீரு. லாபமா அது?

நம்மூர்ல சித்திரை பொறக்குற சமயத்துல இங்க பொய்லா பொய்ஷாக். கடைக்கார பாபுமாரு அன்னைக்கு ‘ஹால்காத்தா’ போடுவாவ. செவப்புத் துணி அட்டை போட்ட புதுக் கணக்கு நோட்டு. பழைய பாக்கியை அடைக்கச் சொல்லி வாடிக்கைக்காரனையெல்லாம் கூப்பிடுவாவ. வந்து அடைச்சவனுக்கு மிட்டாய்ப் பொட்டி, காலண்டரு, புது நோட்டுல புதுப் பக்கம். ஒருத்தன் பாதியைக் குடுத்துட்டு, ‘மிச்சத்தை மறந்துரும் பாபு’ன்னு சொல்லுதான்னு வச்சுக்கோ. அவனுக்கும் மிட்டாய் குடுப்பாரு. ஆனா அடுத்தவாட்டி அவன் கடன் கேட்டா, ‘இன்று ரொக்கம் நாளை கடன்’தான்.

உன் ரிப்போர்ட்டுல ‘செட்டில்டு’ன்னு நிக்கே, அது அந்த அரைப் பாக்கி மிட்டாய்தாம்லே. ‘க்ளோஸ்டு’ன்னு இருந்தாத்தான் கணக்கு அடைஞ்சதா அர்த்தம். அதனால பாங்குக்குப் போ. மிச்சம் எவ்வளவுன்னு கேளு. கட்டு. பாக்கி இல்லைன்னு கடுதாசி வாங்கு. ‘க்ளோஸ்டு’ன்னு மாத்தி அனுப்புங்கன்னு எழுதிக் குடு. கடுதாசியைப் பொட்டியில பூட்டி வை. ஸ்டேட்டஸ்ல போடதுக்கு இல்ல அது.

‘அதெல்லாம் எதுக்குத் தாத்தா, ஏழே நாள்ல 800 ஆக்கித் தாரேன்னு ஒருத்தன் விளக்குக் கம்பத்துல ஒட்டியிருக்கானே’ங்க. நெசமான எழுத்தை அழிக்க அவன் அப்பனாலயும் முடியாது. தப்பான எழுத்தைத் திருத்த அவனுக்குக் காசு குடுக்கவும் வேண்டாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு நாலு கம்பெனி இருக்கு. ஒவ்வொண்ணும் வருசத்துக்கு ஒருவாட்டி முழு ரிப்போர்ட்டை இனாமாத் தரணும், ரிசர்வ் பாங்கு உத்தரவு. வாங்கிப் படி. உன் பேருள்ள வேற எவனோ வாங்கின கடன் உன் தலையில ஏறியிருக்கா? நீ கட்டின தவணை கட்டாததா நிக்கா? புகார் எழுது. 30 நாள்ல தீத்து வைக்கணும். தாண்டினா நாளொண்ணுக்கு 100 ரூவா உனக்குத் தரணும்னு 2024 ஏப்ரல்ல இருந்து நடைமுறை. புகார் எழுத வெக்கப்படுவ, ஏஜென்டு கையில ஐயாயிரத்தைத் திணிக்க வெக்கப்பட மாட்ட. அப்படித்தானலே?

பன்னெண்டு மணி ராத்திரியில எந்திரிச்சு மார்க்குப் பாக்கியாமே? உங்க ஆச்சி சொன்னா. நீ பாக்கதுனால குறையாது, ஏறவும் ஏறாது. ஆனா இந்த பாங்கு தரலேன்னா அந்த பாங்குன்னு பத்து எடத்துல விண்ணப்பம் போடுத பாரு, அங்கதான் இடிக்கு. ஒவ்வொருத்தனும் வந்து உன் ஏட்டைப் பொரட்டினதும் அதே ஏட்டுல பதியும். பத்துப் பேர்கிட்ட கைநீட்டினவனைப் பதினொண்ணாவது ஆளு நம்புவானா?

பின்ன எப்படி ஏறும்னு கேக்கியா? கையில இருக்கதை பாங்குல பிக்சட் டெபாசிட் போடு. அதை ஈடா வச்சு ஒரு கார்டு கேளு. என் காசுக்கு எனக்கே கடனான்னு சிரிக்காதலே, பேரு கெட்டவனுக்கு அதுதான் கதவு. பத்தாயிரம் எல்லைன்னா மூவாயிரத்தைத் தாண்டாத. அரிசி வாங்கு, பருப்பு வாங்கு, வங்காளத்தான் மாதிரி மீனும் வாங்கு. மூணாவது ஜோடி ஷூ வாங்காத. மாசம் பொறந்தா முழுசாக் கட்டு. 2025 ஜனவரியில, பதினஞ்சு நாளைக்கு ஒருவாட்டி பாங்கு உன் கணக்கை அனுப்பியாகணும்னு உத்தரவு வந்துது. நல்லதும் சீக்கிரம் போய்ச் சேரும், கெட்டதும் சீக்கிரம் போய்ச் சேரும். பழைய எழுத்து ஏழு வருசமாவது ஏட்டுல கெடக்கும். ஆனா மாசவாரியா விரிஞ்சு நிக்கது கடைசி 36 மாசம்தான். மூணு வருசம் ஒழுங்கா நடந்தா, தொறந்ததும் கண்ணுல படுதது உன் நல்ல புத்திதான்.

சம்பளம் கூடினா எல்லாம் சரியாயிரும்னு மட்டும் சொல்லாத. இதே கிடர்பூர்ல வளந்தவரு மைக்கேல் மதுசூதன் தத். பெருங்கவி. 1848-ல இருந்து எட்டு வருசம் நம்ம மெட்ராஸ்ல இருந்தவரு. பாரிஸ்டரு படிக்கச் சீமைக்குப் போயி, பிரான்சு தேசத்துல கடன்ல மாட்டிக்கிட்டாரு. 1864-ல வங்காளத்து அறிஞரு வித்யாசாகருக்குக் கடுதாசி போட்டாரு. அந்த மகராசன் தான் கடன்பட்டுப் பணம் அனுப்பினாரு. இவரு திரும்பி வந்து ஐகோர்ட்டுல வக்கீலா நல்லாவே சம்பாதிச்சாரு. ஆனா ஓட்டைக் கை. 1873-ல வறுமையிலதான் கண்ணை மூடினாரு. இப்ப நீயும் கூட்டாளி கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடப் போறியே, வித்யாசாகரு மனசு இருந்தாப் போடு. அவன் கட்டலேன்னா உன் மார்க்கும் சேந்து போவும், அதையும் தெரிஞ்சுக்கோ.

என்னலே முழிக்க? நாளைக்குத் தேதி அஞ்சு. தவணை எடுக்கது அஞ்சாம் தேதிதானே? கணக்குல எவ்வளவு கெடக்கு? தெரியாதா? மார்க்கு மட்டும் நிமிசத்துக்கு நிமிசம் தெரியும்! போனை உள்ள வை. எந்திரி, போயிப் பணத்தைக் கட்டிட்டு வா.