துருவுக்கு மருந்து துரு

அலாஸ்காவின் கடலோர மழையில் வேட்டைக்குப் போகிறவர், புதிதாகச் செய்யச் சொன்ன ரைஃபிளுக்கு என்ன பூச்சு கேட்கலாம்? துப்பாக்கிகளில் வழக்கமாகக் காணும் கருநீலப் பளபளப்பு போதாதா?

அந்தக் கருநீலமே துருதான், தெரியுமா? முள்ளை முள்ளால் எடுக்கிற வேலை. குழலில் வேண்டுமென்றே செந்துரு ஏறவிட்டுக் கொதிநீரில் போட்டால், அது கறுப்பு மேக்னடைட்டாக மாறும். உதிர்வதைத் தேய்த்தெடுத்துவிட்டு மறுபடியும் துருவேற்றுவார்கள். இப்படிப் பல சுற்று. அழகில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் எண்ணெய் போட மறந்தால் நல்ல துருவைக் கெட்ட துரு தின்றுவிடும். கடலோர மழைக்கு என் ஓட்டு செராகோட்டுக்கு. பீங்கான் கலந்த பூச்சைத் தெளித்து, அடுப்பில் சுட்டு இறுக்குவார்கள். கனம் சுமார் 25 மைக்ரான்தான்.

தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியை, சூடான உப்புத் தொட்டியில் முக்கிச் சட்டென்று கருநீலம் ஏற்றிவிடலாமா?

ஒரு துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு இரண்டு குழாய்களை வாங்கிவர ஆசையா? தொட்டியில் கொதிப்பது சுமார் 140 டிகிரி செல்சியஸில் காஸ்டிக் சோடா. குழல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஈயப் பற்றை அது அரித்துவிடும். பழையதற்கு அந்த மெதுவான துருமுறையையே கேளுங்கள்.