அக்னி மூலையில் ஒரு மோடம்

மோடத்தை எங்கே வைப்பது என்பதில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. அம்மாவுக்கு வாஸ்து. மனைவிக்கு ஹாலின் அழகு. மகனுக்குத் தன் அறை, அதிலும் தன் கட்டிலுக்கு நேர் மேலே. ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்த தம்பிக்கோ, ஏசிக்காகச் சுவரில் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த ஓட்டை. அது வழியாகக் கேபிளை விட்டால் டிரில் மெஷினை வண்டியிலிருந்து இறக்க வேண்டாம் பாருங்கள். அந்தப் பெட்டியிலிருந்து கிளம்பி வீடு முழுக்கச் சுற்ற வேண்டிய ரேடியோ அலைகளின் சௌகரியத்தைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஜெயித்தது வாஸ்து. கரண்டில் ஓடுகிற எதுவும் தென்கிழக்கில், அதாவது அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் அக்னி மூலை என்பது சமையலறை. ஆக, மதுரையில் எங்கள் தெருமுனைக் கம்பத்திலிருந்து புறப்பட்ட கறுப்புக் கேபிள், எதிர்வீட்டு மொட்டை மாடி, பக்கத்து வீட்டுத் துணிக்கொடி, எங்கள் பால்கனிக் கம்பி என்று எல்லாரையும் நலம் விசாரித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, மிக்ஸிக்கும் மைக்ரோவேவ் ஓவனுக்கும் நடுவில் வந்து சேர்ந்தது.

வந்த தம்பி செய்த வேலை பார்க்கப் பார்க்க அலுக்காதது. கேபிளின் தோலை உரித்தார். உள்ளே கண்ணாடி இழை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அதைத் துடைத்து, முனையை நறுக்கி, டிபன் பாக்ஸ் அளவிலான ஸ்ப்ளைஸிங் மெஷினுக்குள் இரண்டு இழைகளை எதிரெதிரே வைத்து மூடினார். மெஷினின் சின்னத் திரையில் இரண்டு முனைகளும் பெரிதாகத் தெரிந்தன. ஒரு பொறி. ஒட்டிக்கொண்டது. இழையின் மொத்தத் தடிமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு; அதற்கும் நடுவில் வெளிச்சம் ஓடுகிற பகுதி வெறும் 9 மைக்ரான்.

கண்ணாடி வழியாக வெளிச்சத்தை ரொம்ப தூரம் அனுப்ப முடியாமல் போவதற்குக் கண்ணாடி காரணமில்லை, அதில் கலந்திருக்கும் அழுக்குதான் காரணம் என்று 1966-இல் எடுத்துச் சொன்னவர் சார்லஸ் காவோ. அதற்கு நோபல் பரிசு கிடைத்தது 2009-இல். நோபல் கமிட்டியின் வேகத்தோடு ஒப்பிட்டால் எங்கள் வீட்டு இணைப்பைக் குறை சொல்ல எனக்கு வாயே வரக்கூடாது.

ஒட்டி முடித்ததும் தம்பி பவர் மீட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

“மைனஸ் இருபதும்மா. லைன் சூப்பரா இருக்கு.”

“மைனஸ்னா குறைச்சல் இல்லையாப்பா?”

“இல்லம்மா, மைனஸ் இருபது நல்லது. மைனஸ் முப்பதுன்னாத்தான் மோசம்.”

அம்மா என்னைப் பார்த்தாள். ‘காசை முழுசாக் குடுத்துட்டியா?’ என்று அந்தப் பார்வைக்குப் பொருள். அந்த அளவுகோலில் பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட். மைனஸ் இருபது என்றால் அதில் நூறில் ஒரு பங்கு. அந்தத் துளி வெளிச்சத்தில்தான் அம்மாவின் சீரியல், மகனின் கிரிக்கெட், என் ஆபீஸ் எல்லாம் வந்து இறங்குகின்றன என்று விளக்கினேன். காசு விஷயத்தில் அம்மாவின் சந்தேகம் இன்னும் உறுதிப்பட்டது.

முதல் புகார் அன்றைக்குச் சாயங்காலமே மகனிடமிருந்து வந்தது. “நூறுன்னு சொன்னாங்க, பன்னெண்டுதாம்ப்பா வருது.” விளம்பரத்தில் இருக்கும் நூறு, மெகாபிட். டவுன்லோடு ஆகும்போது கம்ப்யூட்டர் காட்டுகிற பன்னிரண்டு, மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்; நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. மனை விற்கிறவர் சதுர அடியில் சொல்ல, வாங்குகிறவர் சென்ட்டில் கேட்டுக்கொள்கிற மாதிரிதான். இடம் ஒன்றுதான், காதுக்கு எது பெரிதாகக் கேட்கிறதோ அதை நோட்டீஸில் அடிப்பார்கள். இதை அவனுக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. ஃபீஸ் ரசீதை எடுத்து இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.

அடுத்து வந்த கோளாறு நேரம் பார்த்து வந்தது. மத்தியானம் ஒன்றரை மணி வாக்கில் என் மானேஜர் திரையில் வாயைத் திறந்தபடியே உறைந்து நிற்பார். சமையலறையில் ‘டிங்’ என்று சத்தம் கேட்டதும் உயிர் வந்து, விட்ட இடத்திலிருந்து திட்டைத் தொடர்வார். மைக்ரோவேவ் ஓவன் வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில். மோடத்தின் வைஃபை இரண்டில் ஒன்று 2.4-இல். ஓவன் கதவின் இடுக்கில் கசிகிற கொஞ்சூண்டு அலை ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மோடத்தின் காதைச் செவிடாக்க அது போதும். சாம்பார் சூடாகிறவரை என் ஆபீஸ் காத்திருந்தது.

இதற்கு மருந்து அந்த மோடத்திலேயே இருக்கிறது: 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. ஓவனோடு அதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் போனில் வைஃபை பெயர்களின் பட்டியல் வந்தபோது, எங்கள் பெயருக்குப் பின்னால் ‘5ஜி’ என்று ஒட்டிக்கொண்டிருந்ததை அம்மா பார்த்துவிட்டாள். 2018-இல் வந்த ‘2.0’ படத்தை டிவியில் எப்போது போட்டாலும் உட்கார்ந்து பார்த்து, செல்போன் அலையால் சாகிற குருவிகளுக்காகக் கண் கலங்குகிறவள் அவள். செல்போன் 5ஜி என்பது ஐந்தாம் தலைமுறை, இது வேறு, வெறும் அலைவரிசையின் எண் என்று நானும் மகனும் மாறி மாறிச் சொன்னோம். “ரெண்டும் அஞ்சுதானே?” என்று கேட்டுவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மோடத்தின் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கப் போனாள். பால்கனியில் குருவி வரவில்லை. அதற்கு மின்விசிறி காரணம் என்று பிறகு கண்டுபிடித்தாள்.

ஐந்தின் குறை என்னவென்றால், அதற்குச் சுவர் ஏற முடியாது. வேகம் அதிகம், எட்டுகிற தூரம் கம்மி. எங்கள் மாமனார் கட்டிய வீடு. ஒன்பது இஞ்ச் சுவர். அதுகூடப் பரவாயில்லை, சமையலறைக்கும் மகனின் அறைக்கும் நடுவில் சீர்வரிசையில் வந்த பீரோ நிற்கிறது. ஆறரை அடி இரும்பு. ரேடியோ அலை செங்கலைப் பார்த்தால் சோர்ந்துபோகும், இரும்பைப் பார்த்தால் வந்த வழியே திரும்பிவிடும். போதாததற்கு பீரோவின் கதவில் ஆளுயரக் கண்ணாடி. அதன் முதுகில் பூசியிருப்பதும் உலோகம்தான்.

போனில் ஸ்பீடு டெஸ்டைப் போட்டுக்கொண்டு வீட்டை அளந்தேன். மோடத்தின் பக்கத்தில் 94. சமையலறை வாசலில் 80. ஹாலில் 45. பீரோவுக்குப் பின்னால் 3. எந்த ஊரிலோ இருக்கிற சர்வரிலிருந்து கண் மூடித் திறப்பதற்குள் மதுரைக்கு வந்த வெளிச்சம், மதுரையில் என் சமையலறை வரை அப்படியே வந்த வெளிச்சம், கடைசி இருபது அடியில் என் மனைவியின் பட்டுப்புடவைகளிடம் தோற்றுப்போனது.

“ஏங்க, பீரோவை நகர்த்தணும்னு மட்டும் ஆரம்பிச்சிராதீங்க” என்றாள் அவள், நான் ஆரம்பிப்பதற்கு முன்பே.

சட்டமும் அவள் பக்கம்தான் இருந்தது. இந்தியாவில் எதை பிராட்பேண்ட் என்று சொல்லலாம் என்பதற்கு 2004 கொள்கையில் வைத்த அளவு நொடிக்கு 256 கிலோபிட். 2023-இல் அதை 2 மெகாபிட் என்று உயர்த்தினார்கள். அந்தக் கணக்கில் பீரோவுக்குப் பின்னாலும் எங்கள் வீட்டில் ஓடுவது சந்தேகத்துக்கு இடமில்லாத பிராட்பேண்ட். மகனிடம் அரசாங்கத்தின் இந்த நிலைப்பாட்டைத் தெரிவித்தேன். அவன் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டான்.

கஸ்டமர் கேரில் எந்த நோய்க்கும் ஒரே மருந்து. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. கேலியாகத் தோன்றினாலும் நிறைய நேரம் அது வேலை செய்யும். பெட்டிக்குள் இருப்பதும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தானே, நினைவு நிரம்பித் திணறும்போது அணைத்துப் போட்டால் தெளிந்துவிடும். அது பலிக்காதபோது இரண்டாவது மருந்து: பிளானை அப்கிரேட் பண்ணுங்க. மகன் அதை வழிமொழிந்தான், நான் பணம் கட்டினேன். நூறு இருநூறானது. கூடவே, பீரோவோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று மோடத்திலிருந்து அவன் மேஜை வரை கதவிடுக்கு வழியாக ஒரு லேன் கேபிளும் இழுத்தோம். போனில் மோடத்தின் பக்கத்தில் நின்றால் நூற்றெண்பது காட்டியது. கேபிள் போட்ட கம்ப்யூட்டரில் 94. எத்தனை மணிக்குப் பார்த்தாலும் 94.

இந்த மர்மம் துலங்குவதற்குள் ஆயுத பூஜை வந்தது. மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், மகனின் பைக் வரிசையில் மோடத்துக்கும் அம்மா சந்தனம் குங்குமம் வைத்தாள். அதற்கு முந்தின நாள் மனைவி சமையலறையை ஒழுங்குபடுத்தியிருந்தாள். மறுநாள் காலையில் நெட் சுத்தமாக இல்லை. கஸ்டமர் கேரில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டார்.

“சார், மோடத்துல ரெட் லைட் எரியுதாங்க சார்?”

“குங்குமம் வெச்சிருக்கும்மா. எல்லாமே ரெட்டாத்தான் தெரியுது.”

ஒரு நிமிஷம் மௌனம். “துடைச்சுட்டுப் பாருங்க சார்.”

துடைத்தால், எல்ஓஎஸ் என்கிற விளக்கு சிவப்பாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் உள்ளே வரவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். புகார் எண் வந்தது. அடுத்த கால்மணி நேரத்தில் ஓடிபி கேட்டு ஒரு போன் வந்தது. அதைச் சொன்னவுடன், ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவையை மதிப்பிடவும்’ என்று எஸ்எம்எஸ் வந்தது. நெட் வரவில்லை. இது தீர்வுக்கும் தீர்க்கப்பட்டதாகப் பதிவாவதற்கும் உள்ள தூரம். எந்த ஃபைபராலும் இணைக்க முடியாதது.

சாயங்காலம் அந்தத் தம்பியே வந்தார். மோடத்தைத் தூக்கிப் பார்த்ததும் சிரித்தார். சுவரிலிருந்து மோடத்துக்கு வருகிற மஞ்சள் ஒயரை, பார்க்க அலங்கோலமாக இருக்கிறதென்று, நாலாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள் மனைவி. மூலிகைக் கட்டு அளவுக்குக் கச்சிதம். கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் சுவரில் பட்டுப் பட்டுத்தான் முன்னேறும். ரொம்பவும் மடக்கினால் வளைவில் வெளியே வழிந்துவிடும். மீட்டர் மைனஸ் இருபத்தொன்பதில் நின்றது. ரப்பர் பேண்டைக் கழற்றி, ஒயரைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுற்றிவிட்டார். மைனஸ் இருபது.

“மைனஸ் கம்மியாயிருச்சுப்பா, நல்லதுதானே?” என்றாள் அம்மா. அளவுகோல் பழகிவிட்டது.

வந்த காலோடு லேன் கேபிளையும் பார்க்கச் சொன்னேன். அவர் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போய்க் கதவின் கீலில் நின்றார். அங்கே நசுங்கியிருந்தது. உள்ளே எட்டுக் கம்பிகள். எட்டும் உயிரோடு இருந்தால் நொடிக்கு ஆயிரம் மெகாபிட் வரை போகும். ஒன்று செத்தாலும் இரண்டு பக்கக் கருவிகளும் பேசிவைத்துக்கொண்டு, நான்கு கம்பி போதுமான நூறுக்கு இறங்கிக்கொள்ளும். மேல்செலவு போகக் கையில் வருவது தொண்ணூற்று நாலு சொச்சம். நசுங்கின இடத்தை வெட்டிப்போட்டு, முனையில் புது கனெக்டரைக் கிரிம்பிங் பண்ணினார். நூற்றுத் தொண்ணூறு.

போகிறபோது ஹாலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

“சார், மோடம் வீட்டுக்கு நடுவுல, உசரத்துல இருக்கணும். அதான் கரெக்ட் ஸ்பாட்.”

அவர் கை காட்டிய இடத்தில் அப்பாவின் படம் இருந்தது. சந்தன மாலை, ஜீரோ வாட் பல்பு, பல்புக்கு ஒரு பிளக் பாயிண்ட். வீட்டில் இவ்வளவு பொருத்தமான இன்னொரு இடம் இல்லைதான். எனக்குப் பேச்சு எழவில்லை. மனைவி என் முகத்தைப் பார்த்தாள், மகன் தரையைப் பார்த்தான். அம்மா மட்டும் கொஞ்சம் யோசித்தாள்.

“போன் கனெக்‌ஷனுக்கு எழுதிப்போட்டு வருஷக்கணக்கா காத்துக்கிட்டு இருந்த மனுசன். வந்தப்புறம் பூட்டு வேற போட்டு வெச்சாரு. பக்கத்துலயே இருக்கட்டும், யாரு எவ்வளவு நேரம் பாக்குறாங்கன்னு கண்காணிக்கட்டும்.”

வாஸ்து என்ன ஆனது என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. ஒரு சின்னப் பலகை அடித்து, அப்பாவின் படத்துக்குக் கீழே மோடம் ஏறியது. இப்போது அடுக்களை, மாடிப்படி, மகனின் அறை எல்லா இடத்திலும் நூறுக்குக் குறையாமல் வருகிறது.

இதில் ஒரு நஷ்டம். ‘சார், இங்க நெட் ஸ்லோ, வீடியோ ஆன் பண்ண முடியல’ என்று மானேஜரிடம் சொல்ல வாய்ப்பில்லாமல் போய்விட்டது. வீடு முழுக்கத் தேடியதில் ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்தது: பீரோவுக்கும் சுவருக்கும் இடையில், பாய் சுருட்டி வைக்கிற சந்து. அங்கே ஒருக்களித்து நின்றால் குரல் அழகாக வெட்டி வெட்டிப் போகும். திங்கட்கிழமை மீட்டிங்குக்குப் போனைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். மகன் ஏற்கெனவே பாய்க்கும் பீரோவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான். போனின் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சொன்னான்:

“ஆன்லைன் வைவாப்பா. ஒரு பத்து நிமிஷம் வெயிட் பண்ணுங்க.”