மாப்பிள்ளை கருத்தது ஏன்? – ரிசப்ஷன் மேடைப் பின்னொளி குறித்த ஓர் ஆய்வு

ரிசப்ஷன் வீடியோவில் மாப்பிள்ளையின் முகம் மட்டும் இருண்டு போவதற்குக் காரணம் வீடியோக்காரர் என்பது மாப்பிள்ளை வீட்டாரின் கொள்கை. மாப்பிள்ளையே அந்த நிறம்தான் என்பது பெண் வீட்டாரின் கொள்கை. இரண்டுக்கும் ஆதாரம் போதாது என்று இவ்வாய்வு கருதுகிறது.

காரணம் அவருக்குப் பின்னால் இருக்கிறது. எல்.இ.டி. திரை, சீரியல் விளக்கு, வெள்ளைத் திரைச்சீலை என மேடையே ஒளிப்பிழம்பு. கேமராவின் ஆட்டோ அமைப்போ, உலகம் சராசரியாக நடுச்சாம்பல் நிறம் என்று நம்பி வாழ்வது. (புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை, விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புவது.) கண் கூசும் வெள்ளையைக் கண்டதும் அது பதறிப்போய் ஐரிஸைச் சுருக்குகிறது. திரை அடங்குகிறது, கூடவே மாப்பிள்ளையும் அடங்குகிறார். இந்நேரம் பார்த்து வெள்ளை வேட்டி சட்டையில் நாலு பெரியப்பாக்கள் மொய்க் கவரோடு மேடையேறினால் இன்னும் கொஞ்சம் இருட்டும். சொந்தபந்தம் பெருகப் பெருக மாப்பிள்ளை கருப்பார் என்பது நமது முதல் தேற்றம்.

நிவர்த்தி எளிது. ஆட்டோவை அணைத்து, முகத்தை ஜூம் செய்து அளந்து, அந்த அளவிலேயே பூட்டிவிட வேண்டும். செல்போனில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் அதே வேலை நடக்கும். இல்லையேல் எக்ஸ்போஷரை ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் கூட்டலாம். ஒரு ஸ்டாப் ஒளியை இரட்டிப்பாக்கும், இரண்டு நான்கு மடங்காக்கும். பழைய கேம்கார்டரின் ‘பேக்லைட்’ பொத்தான் செய்ததும் இதைத்தான். ஷட்டரை மட்டும் தொடக்கூடாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1/50-ஐ விட்டு நகர்ந்தால் சில மண்டப விளக்குகள் மேடை முழுக்கப் பட்டை பட்டையாக ஓடும். வெளிச்சம் மிஞ்சினால் கோடு போட்டு எச்சரிக்கும் ஸீப்ராவை முகத்துக்கு 70 சதவீதத்தில் வைக்கச் சொல்வது வெளிர்த்தோல் நாட்டு வழக்கம். மாநிறத்துக்கு அதைவிடக் குறைவே போதும். இல்லாவிட்டால் மணமக்கள் பவுடர் டப்பாவில் விழுந்தவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள்.

சிக்கல் இனிமேல்தான். முகம் தெளிந்ததும் பின்னணி வெளுத்து, மணமக்களின் பெயர், பூ, தோரணம் எல்லாம் மாயமாகும். இரண்டையும் ஒருசேரத் தாங்கும் சக்தி பல சென்சார்களுக்கு இல்லை. முகத்தைக் காப்பாற்று என்கின்றன பாடநூல்கள். அவை எழுதியவர்கள் யாரும் ஓசூர் ரோஜாவை வேன் வைத்து இறக்கிய பெண்ணின் அப்பாவைச் சந்தித்தவர்கள் அல்லர். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் வேண்டும்; டெக்கரேஷனுக்குப் பணம் கட்டியவருக்கு டெக்கரேஷன் வேண்டும். ஆகவே கேமராவுக்கு அருகில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே எக்ஸ்போஷர் அமையும்: இது இரண்டாம் தேற்றம்.

சமரச வழி, முன்பக்கம் ஒளியேற்றுவது. 1956-இல் வெளிவந்த ‘அபராஜிதோ’ படத்தில் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா வெள்ளைத் துணியில் விளக்கை அடித்துத் திருப்பினார், நமக்குத் தெர்மாகோல் உண்டு. ஹாலோஜன் காலத்தில் லைட் பிடிக்கவே ஒரு பையன் வருவான். அந்நாளைய முகூர்த்த வீடியோக்களில் மணப்பெண் சிந்தும் கண்ணீர் பிரிவாலா, ஹோமப் புகையாலா, அந்த லைட்டாலா என்று பிரித்தறியும் முறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. எல்.இ.டி. திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தால் ஒரு ஸ்டாப் லாபம். லேப்டாப்பில் ஒரே தட்டு. அதைத் தட்ட வேண்டிய ஆபரேட்டர் இரண்டாம் பந்தியில் இருக்கிறார். பாயசம் வராமல் எழுந்திருக்க மாட்டாராம்.