பரவாயில்லை அண்ட் கோ

அயர்லாந்து என்றதும் கம்ப்யூட்டர்காரர்களுக்கு டப்ளின் துறைமுகத்தை ஒட்டிய கண்ணாடிக் கட்டடங்கள்தான் ஞாபகம் வரும். 2003-இல் கூகுள் வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். அந்தப் பேட்டைக்கு ‘சிலிக்கான் டாக்ஸ்’ என்று பெயரும் விழுந்துவிட்டது. நான் சொல்ல வந்த ஆசாமி அங்கே இல்லை. அங்கிருந்து மேற்கே மூன்று மணி நேரம் கார் ஓட்டினால் மேயோ மாவட்டம். அதில் மாமனார் கொடுத்த மனையில் கட்டிய வீட்டின் பின்னறையில், துணி உலர்த்தும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறார். அதுதான் தலைமை அலுவலகம். வெப்சைட் செய்து கொடுப்பார், டொமைன் வாங்கித் தருவார், சின்னச் சின்ன ஹோட்டல்களுக்கு புக்கிங் சாஃப்ட்வேர் ஒன்று எழுதி வைத்திருக்கிறார். பாதிரியார் வீட்டு பிரிண்டர் ஓடவில்லை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இந்த மாதிரி ஆள் ஊருக்கு ஒருவர் உண்டு.

தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டால் “பரவாயில்லை” என்பார். இரண்டு வாடிக்கையாளர் கைவிட்டுப் போன மாதமும் பரவாயில்லை. ஒரே வாரத்தில் மூன்று ஹோட்டல் வந்து சேர்ந்த மாதமும் பரவாயில்லை. எந்தப் பரவாயில்லை எந்த ரகம் என்பது குரலை வைத்து அவர் மனைவிக்குத் தெரியும். வங்கிக்குத் தெரியாது, அதனால் கடன் கிடைப்பது சிரமம். நன்றாகப் போகிறது என்று வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று நமக்குத் தோன்றும். அந்த ஊரில் அது நடக்காது. சொன்ன அன்று மாலையே, “அவன் அப்பா சதுப்பில் அடுப்பெரிக்கப் பீட் மண் வெட்டினவர்தானே, இவனுக்கு வந்த வாழ்வைப் பார்” என்று மதுக்கடையில் ஒருவர் ஆரம்பிப்பார். புதுக் கார் வாங்கினால்கூட ஆறு மாதத்துக்கு அது மச்சினன் கார்.

அயர்லாந்தில் வரி வெறும் 12.5 சதவீதம்தானே என்று வெளியூர்க்காரர்கள் அவரிடம் பொறாமையோடு கேட்பதுண்டு. அது கம்பெனிகளுக்கு. நம்ம ஆள் தனியாள் வியாபாரி. வருமானம் கொஞ்சம் நிமிர்ந்தால் மேல்பகுதிக்கு 40 சதவீதம். அதற்கு மேல் 2011-இல் வந்து இன்றுவரை போகாத யூஎஸ்சி என்கிற சமூக வரி. அதற்கும் மேல் பிஆர்எஸ்ஐ என்கிற சமூகக் காப்பீட்டுச் சந்தா. அக்டோபர் 31-க்குள் போன வருடத்துக் கணக்கை முடித்து, நடப்பு வருடத்துக்கும் முன்கூட்டியே ஒரு தொகை கட்ட வேண்டும். ஆன்லைனில் கட்டுகிறவர்களுக்கு நவம்பர் நடுப்பகுதி வரை கெடு நீட்டுவார்கள். நம்ம ஆள் தொழிலால் ஆன்லைன்காரர் என்பதால், அந்தக் கடைசி இரவு பதினோரு மணிக்கு மேல்தான் அந்தப் பக்கத்தையே திறப்பார்.

அவர் ஒரு வேலையைப் பிடிக்கும் அழகைக் கிட்டே இருந்து பார்க்க வேண்டும். வெஸ்ட்போர்ட் பக்கம் வீட்டிலேயே நாலு அறையை விருந்தினருக்கு விடும் ஒரு பெரியம்மாள் சொல்லியனுப்புகிறார். போனதும் “டீ குடிக்கிறியாப்பா?” என்கிறார். இவர் வேண்டாம் என்கிறார். அவர் மறுபடி கேட்கிறார். இவர் மறுபடி வேண்டாம் என்கிறார். மூன்றாவது தடவை டீ தானாகவே வந்துவிடுகிறது. எடுத்தவுடன் சரி என்பது அங்கே நாகரிகமில்லை. கூடவே சோடா ரொட்டியும், அதன்மேல் விரல் கனத்துக்கு வெண்ணெயும். முதலில் மழையைப் பற்றிப் பேச்சு. பிறகு கேலிக் ஃபுட்பால். மேயோ அணி 1951-க்குப் பிறகு அகில அயர்லாந்துக் கோப்பையைத் தொட்டதில்லை; இறுதி ஆட்டம் வரை போய்ப் போய்த் தோற்றிருக்கிறது. எனவே இந்தத் தலைப்புக்கு அரை மணிக்குக் குறையாது. பிறகு யார் யார் செத்துப்போனார்கள் என்ற பட்டியல். வெப்சைட் என்ற சொல் இதுவரை இருவர் வாயிலும் வரவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு கதவுப்பிடியில் கை வைத்த பிறகுதான் பெரியம்மாள் தொடங்குகிறார்.

“அந்த வெப்சைட்டு விஷயம்... பெருசா ஒண்ணும் வேண்டாம்ப்பா. சும்மா ஒரு பக்கம். ரூம் போட்டோ நாலு.”

“செஞ்சிடலாம்.”

“அதுலயே பணம் கட்டுற மாதிரி இருந்தா நல்லது. ஜெர்மன்காரங்க வர்றாங்க, அவங்க பாஷையிலயும் ஒண்ணு. மருமக ஜாம் போடுறா, அதையும் வித்தா என்ன?”

“பாத்துக்கலாம்.”

“பேரன் ஒரு மத்தியானத்துல செஞ்சு தர்றேன்னான். அவனுக்கு இப்ப லீவிங் செர்ட் பரீட்சை. அதான் உன்னக் கூப்பிட்டேன்.”

எவ்வளவு ஆகும் என்று அவர் கேட்கவில்லை; இவரும் சொல்லவில்லை. பணத்தைப் பற்றிப் பேசினால் குடித்த டீயை அவமதித்த மாதிரி.

அந்தப் பேரன் விவகாரம் இத்தொழிலின் தீராத வியாதி. 2000-இல் ரயன்ஏர் விமானக் கம்பெனி தன் வெப்சைட்டைப் பெரிய கம்பெனிகளிடம் கொடுக்காமல், இரண்டு மாணவர்களைப் பிடித்துச் சொற்பக் காசில் முடித்துக்கொண்டது. அன்றைக்கு ஆரம்பித்தது. ஏரோப்ளேன் டிக்கெட் விற்கவே அவ்வளவுதான் ஆயிற்று என்றால், என் கசாப்புக்கடைக்கு ஏன் இரண்டாயிரம் யூரோ என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதற்கு மேல் கோலிசன் சகோதரர்கள் வேறு. டிப்பரரி மாவட்டத்தில் டிரோமினீர் என்கிற குட்டி ஊர்க்காரர்கள். மூத்தவர் பாட்ரிக் 2005-இல் தேசிய இளம் விஞ்ஞானி பரிசு வாங்கினார். பிறகு தம்பி ஜானோடு சேர்ந்து அமெரிக்காவில், ஆன்லைனில் பணம் வசூலித்துக் கொடுக்கும் ஸ்ட்ரைப் கம்பெனியை ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டார். “அந்தப் பசங்களும் கிராமம்தானே?” என்று நம்ம ஆளின் அம்மா ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பொதுவாகக் கேட்பார். பெரியம்மாளின் ஜாம் விற்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பசங்களின் கம்பெனிக்கு ஒரு சிறு துண்டு போகிறது, அதற்கு வழி செய்து கொடுத்ததே நான்தான் என்று சொல்ல நம்ம ஆள் வாயெடுப்பார். உருளைக்கிழங்கைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்.

அரசாங்கத்தை அவர் குறை சொல்ல முடியாது. மாவட்டத்துக்கு மாவட்டம் சிறுதொழில் அலுவலகம் வைத்திருக்கிறார்கள். ஆன்லைனில் வியாபாரம் தொடங்கும் சின்னக் கடைக்காரர்களுக்குச் செலவில் பாதி, அதிகபட்சம் 2,500 யூரோ வரை கொடுக்கும் திட்டம் ஒன்று 2014 வாக்கில் வந்தது. அது வந்ததிலிருந்து நம்ம ஆளின் விலைப்புள்ளிகள், எப்படிக் கூட்டினாலும், சரியாக ஐயாயிரத்தில் வந்து நின்றன. 2020-இல் ஊரடங்கின்போது கடைக்காரர் பத்து சதவீதம் போட்டால் போதும் என்றார்கள். கம்பளி நூல் கடை, சவப்பெட்டிக்காரர், குதிரை லாடம் அடிப்பவர் என்று அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் வெப்சைட் வேண்டியிருந்தது. அந்த வருடத்தைப் பற்றி மட்டும் “ரொம்பப் பரவாயில்லை” என்கிறார்.

வசூல்தான் விஷயம். பக்கத்து டவுனில் ஒரு ஹோட்டல்காரர். ஈஸ்டருக்கு முன்பிருந்து 1,800 யூரோ பாக்கி. ஐரோப்பியச் சட்டம் இவர் பக்கம் கெட்டியாக நிற்கிறது. முப்பது நாள் கடந்தால் ஐரோப்பிய மத்திய வங்கி விகிதத்துக்கு மேல் எட்டு சதவீதம் வட்டி கேட்கலாம். கேட்பதைவிட ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்வது சுலபம் என்பது அவர் கருத்து. வெப்சைட்டை நிறுத்தி வைக்கலாம்தான். ஆனால் ஹோட்டல்காரர்தான் இவர் பையனுக்கு ஃபுட்பால் கோச். அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அந்த ஹோட்டல் ஹால்தான் சொல்லி வைத்திருக்கிறது. பணம் கைக்கு வந்த பிறகு வாட் வரி கட்டினால் போதும் என்று வரி இலாகா சிறு வியாபாரிகளுக்கு ஒரு சலுகை வைத்திருக்கிறதே, அதை எழுதியவர் நிச்சயமாக ஒரு சின்ன ஊரில் பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இருவரும் பெட்ரோல் பங்க்கில், கோழி ரோல் வாங்கும் வரிசையில் சந்தித்துக்கொள்கிறார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு அயர்லாந்தில் எல்லாரும் அந்த வரிசையில்தான் இருப்பார்கள்.

“எப்படி இருக்கே?”

“பரவாயில்ல. நீங்க?”

“பரவாயில்ல. மழையப் பாத்தியா?”

“பாத்தேன்.”

இருவரும் கோழியைப் பார்க்கிறார்கள்.

“அந்த... இது... நான் மறக்கல.”

“எது?” ஏழு மாதமாகத் தூக்கத்திலும் கூட்டிக் கழிக்கிற தொகை.

“அந்தப் பேப்பர்.”

“அட, அதுக்கென்ன அவசரம்!”

“சீசன் முடியட்டும்.”

“முடியட்டும், முடியட்டும்.”

ஹோட்டல்காரரின் ரோலுக்கும் சேர்த்து இவரே காசு கொடுக்கிறார். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்து அவர் பேசுவதை இங்கே அச்சிட முடியாது.

புது வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் துக்க வீட்டில்தான் கிடைப்பார்கள். இறந்தவரின் குடும்பத்தாரிடம் கைகொடுக்க ஒரு மணி நேரம் வரிசை நகரும்; முன்னால் நிற்பவர் திரும்பி, மெல்லிய குரலில், தன் ஈமெயில் வேலை செய்யாததைச் சொல்வார். யார் செத்தது என்று தெரிந்துகொள்ள நாடே காலையில் பார்க்கும் தளம் ஆர்ஐபி டாட் ஐஇ. 2005-இல் டண்டாக் ஊர்க் குடும்பம் ஒன்று ஆரம்பித்தது. 2024-இல் ஐரிஷ் டைம்ஸ் வாங்கியது. அடுத்த ஜனவரியிலிருந்து ஓர் அறிவிப்புக்கு 100 யூரோ. அந்த யோசனை தனக்கு 2004-லேயே வந்ததாக நம்ம ஆள் சொல்கிறார். இதைச் சொல்லாத வெப்சைட்காரரை அந்த நாட்டில் பார்ப்பது அரிது.

2025 ஜனவரி 24-ஆம் தேதி ஏயோவின் புயல் அடித்து ஏழரை லட்சம் இடங்களுக்கு மேல் கரண்ட் போனது. மேற்குப் பக்கம் சில வீடுகளில் இரண்டு வாரத்துக்கு மேலும் இருட்டு. நம்ம ஆள் காரை ஓடவிட்டு அதில் போனுக்கு சார்ஜ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்த அழைப்புகளில் பாதி, “என் வெப்சைட் போச்சு!” என்பதுதான். வெப்சைட் ஜெர்மனியில் ஒரு சர்வரில் சௌக்கியமாக இருக்கிறது, உங்கள் வீட்டில்தான் விளக்கு இல்லை என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னார். “அப்படின்னா அதை மட்டும் முதல்ல சரி பண்ணிக் குடு” என்றார் சவப்பெட்டிக்காரர்.

அவருடைய ஹோட்டல் சாஃப்ட்வேர் பாஸ்டனில் யாரோ ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது. வாங்கிக்கொள்கிறோம் என்று வீடியோ காலில் வந்தார்கள். மனைவி அன்றைக்கு உலர்த்தும் மெஷினை ஓடவிடாமல் நிறுத்தி வைத்திருந்தார். தொழில் எப்படிப் போகிறது என்றார்கள், பரவாயில்லை என்றார். வளர்ச்சி? ஏதோ ஓடுகிறது. மற்றவர்களைவிட உங்கள் சாஃப்ட்வேர் எதில் உசத்தி? உசத்தி என்றெல்லாம் சொல்லிவிட முடியாது. மறுமுனையில் எல்லாவற்றையும் நிதானமாக எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஈமெயில் வந்தது. தொழில் நொடித்திருப்பது குறித்து வருத்தம், வாடிக்கையாளர் பட்டியலை மட்டும் ஒரு பழைய டிராக்டரின் விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று இருந்தது. வேண்டாம் என்று எழுதிவிட்டார்.

ஆனால் மனைவி அக்காவிடம் சொல்லியிருந்தார். அக்கா சலூனில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் அது இரண்டு மில்லியன் ஆகிவிட்டது. மறுநாள் கோழி ரோல் வரிசையில் ஹோட்டல்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“கேள்விப்பட்டேன்! ரொம்ப சந்தோஷம்.”

“ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க.”

“அப்படித்தானே சொல்லுவே!”

“நெஜமாவே இல்லீங்க. ஏதோ, பரவாயில்ல, அவ்வளவுதான்.”

ஹோட்டல்காரர் கண்ணைச் சிமிட்டினார். தன் ரோலை எடுத்துக்கொண்டு, காசுக்கு இவரைக் கைகாட்டிவிட்டு, வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

“அந்தப் பேப்பர் இருக்குல்ல... இனிமே உனக்கு அது எதுக்குப்பா?”