கொம்பு முளைத்த ஆமை

கேள்வி: ஆமைக்குக் கூடக் கொம்பு இருந்ததாமே, உண்மையா? ஓட்டுக்குள் ஒளிகிற பிராணிக்குக் கொம்பு எதற்கு?

பதில்: எல்லா ஆமையும் ஒரே மாதிரி ஒளிவதில்லையே! நம் குளத்து ஆமை தலையை நேராக உள்ளே இழுத்துக்கொள்ளும். நீங்கள் கேட்ட கொம்பு ஆமை, தென் அமெரிக்காவில் வாழ்ந்து அழிந்த ஸ்டுபெண்டெமிஸ், வேறு இனம். கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து ஓட்டு விளிம்பின் கீழ் செருகும். கழுத்தின் ஒரு பக்கம் வெளியேதான் தெரியும்.

இதன் புதைபடிவங்களை ஆராய்ந்து 1976-ல் பெயரிட்டவர் ரோஜர் வுட். வெனிசுவேலாவின் உருமாக்கோவில் கிடைத்தவை அவை. இன்று வறண்டு கிடக்கும் அந்த ஊர், சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறும் சதுப்பும் நிறைந்த பூமி. ஓடு மட்டுமே சுமார் 2.4 மீட்டர்! நீங்கள் படுக்கும் கட்டிலைவிட நீளம். எடை ஒரு டன்னுக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள்.

கொம்பு விஷயம் 2020-ல் வெளியான ஆய்வில் தெளிவானது. ஓட்டின் முன்விளிம்பில், கழுத்துக்கு இருபுறமும் கொம்புகள். ஆண்களுக்கு மட்டும்தான்! ஆண்கள் தமக்குள் முட்டிக்கொள்ள அவை உதவியிருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஓடுகளில் முதலைக் குலத்து விலங்குகளின் கடித்தடங்களும் உண்டு. இத்தனை பெரிய உடம்பையும் கடிக்கத் துணிந்த வாய் அந்த நீரில் இருந்திருக்கிறது!

இதன் நெருங்கிய உறவு, அமேசான் பெருந்தலை ஆமை, இன்றும் இருக்கிறது. ஓடு அரை மீட்டர்தான். அதையும் மனிதர்கள் உணவுக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.